பலகார எண்ணெயில் ஓடும் வண்டி

வாடகைக் கார் ஓட்டுபவனுக்குக் கண்ணும் காலும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மூக்கும் சரியாக இருக்க வேண்டும். பழைய டீசல் காரை விற்கவும் மனமில்லாமல், டீசல் போட்டு ஓட்டவும் கட்டுப்படியாகாமல் தவிக்கிற என் கூட்டாளிகளுக்கு இது தெரிந்திருக்கும். என் மருமகன் வெண்ணந்தூர்ப் பக்கம் பயோடீசல் தயாரிக்க ஆரம்பித்தார். முறுக்குக் கடையிலும் பேக்கரியிலும் சுட்டு மீந்த எண்ணெயை வாங்கி, சுத்தம் செய்து, டீசலுக்குப் பதிலாக எரிகிற எண்ணெயாக மாற்றுகிறார். முதல் வாடிக்கை மாமனார். நான் எப்படி மாட்டேன் என்பது?

பாட்டிலில் வைத்தது

ரசாயனம் எனக்குத் தெரியாது. தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். முதல் கேன் வந்ததும் கொஞ்சம் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். அடியில் ஏதாவது தங்குகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன். மீதியை வேட்டித் துணியில் வடிகட்டினேன். எண்ணெய் எங்கே வாங்கியது, தண்ணீர் முழுக்கப் போய்விட்டதா, வேறு என்ன கலந்திருக்கிறது என்று மருமகனிடம் கேட்டேன். கேட்டதையே வேறு மாதிரி மாற்றியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் சிரித்தார்.

"ஏனுங் மாமா, பொண்ணைக் குடுக்கறப்பகூட நீங்க என்னைய இவ்வளவு விசாரிக்கலீங்களே!"

வாசம்

என் நிரந்தர வாடிக்கை காளியண்ணன். ராசிபுரம் பக்கத்து விவசாயி. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் மூன்று முறை சேலத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போவார். கூடவே அவர் மனைவி ராமாயி அக்கா வருவார். காளியண்ணனுக்கென்று மெஷின் ஒதுக்கிய நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்து எப்போது காலியாகிறதோ அதுவரை காத்துக் கிடக்க வேண்டும்.

புது எண்ணெயில் முதல் நாள் போனபோது, ராமாயி அக்கா கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஏதோ பொட்டலத்தைத் தேடினார். அந்தப் பலகார வாசம் சைலன்ஸரில் இருந்து வருகிறது என்று சொல்ல எனக்குக் கூச்சம். ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"ஏனுங்க, எண்ணெய்ப் பலகாரத்தை இவரு கண்ணுலயே காட்டாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க சேலம் வரைக்கும் மோந்து பாக்க வெச்சே கூட்டிட்டுப் போறீங்களே!"

ஆட்டையாம்பட்டி தாண்டி நின்றது

மருமகன் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. டேங்குக்குள் வருடக்கணக்கில் படிந்திருக்கும் கசடை இந்த எண்ணெய் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். அது நேராகப் போய் ஃபில்டரை அடைக்கும். காளியண்ணனை ஏற்றிச் சேலம் போகிற வழியில் ஒரு நாள், ஆட்டையாம்பட்டி தாண்டியதும் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. என்னிடம் மாற்று ஃபில்டர் இல்லை. மெக்கானிக் பழனி பைக்கில் கொண்டுவந்து மாட்டி, கைப்பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றிக் கிளப்பி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காளியண்ணனின் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். வீங்கிய காலோடு காளியண்ணன் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவர் மகன் போனில் பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு வாட்டி வண்டி நின்னுதுன்னா வேற கார் பாத்துக்கறோமுங்க. எங்கப்பனோட உசுருங்க அது."

பூட்டு

ஃபில்டர் இரண்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அடுத்த சந்தேகம் எண்ணெய் அளவில் வந்தது. எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருப்பவன் நான். ஓடிய தூரத்துக்கு மேல் குறைந்துகொண்டே வந்தது. ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் நிற்பது செல்வத்தின் கார். யார் வண்டியாவது எண்ணெய் தீர்ந்து நின்றால், இன்னொரு டேங்கில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சி எடுத்துத் தருவதில் அவன் கெட்டிக்காரன். கேட்க வாய் வரவில்லை. பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கி, அவன் பார்க்கும்படியே பூட்டினேன். அப்புறமும் குறைந்தது. அவனும் சில நாள் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"ஏனுங்ணா, உங்க டேங்க்ல வாய் வெச்சு உறிஞ்சுனா எனக்கு ஒரு வாரத்துக்கு பஜ்ஜி ஏப்பம் வருமுங்க. அந்தக் கருமம் எனக்கு எதுக்கு?"

முட்டை அட்டை

ஆள் எடுக்கவில்லை என்றால் ஒழுகத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஸ்டாண்டில் தரை முழுக்க மணல். சொட்டுவதை உடனே குடித்துவிடும். மளிகைக் கடையில் காலி முட்டை அட்டைகள் வாங்கி வந்து வண்டிக்கு அடியில் வரிசையாகப் பரப்பினேன். மறுநாள் பார்த்தால் டேங்குக்கு நேர் கீழே இருந்த அட்டையில், மூன்றாவது வரிசை நாலாவது குழி மட்டும் கறுத்திருந்தது. அதற்கு மேலே, டேங்கையும் இரும்புக் குழாயையும் இணைக்கிற ரப்பர் ஹோஸ். தொட்டேன், விரலில் ஒட்டியது. ஓடும்போது அது விட்டுப்போனால் வண்டி நடுரோட்டில் நிற்கும். நான் படுத்தபடி அட்டையை வெளியே இழுக்க, செல்வம் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினான்.

"பாத்து மெதுவா எடுங்ணா, அடைகாக்கற வண்டியத் தொந்தரவு பண்ணாதீங்க!"

சைக்கிள் டியூப்

எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் பைப் ஒழுகினாலும், மருந்தடிக்கிற பம்பு ஒழுகினாலும், சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இறுக்கிச் சுற்றுவோம். மறுநாள் காளியண்ணனின் முறை. நானும் அதையே செய்தேன். சுற்றின்மேல் சுற்றாக, பிசிறில்லாமல். எனக்கே திருப்தியாக இருந்தது.

காலையில் புறப்படும் முன் குனிந்து பார்த்தேன். டியூப் ஊறி அல்வா மாதிரி தொங்கியது. சொட்டு முன்னைவிட வேகம். இந்த எண்ணெய்க்கு ரப்பர் ஆகாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேறு வழியில்லை. காளியண்ணனை ஏற்றிப் போகும்படி செல்வத்திடம் சொல்லிவிட்டு, உருட்டாத குறையாக வண்டியைப் பழனியிடம் கொண்டுபோனேன். ஹோஸை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. இன்ஜின் மேல், மிச்ச எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ் உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பயோடீசல் தாங்குகிற ஹோஸ் போட்டுப் புதுக் கிளிப்பு மாட்டினார். டியூப் பிசினை ஸ்குரூ டிரைவரில் தூக்கிக் காட்டினார்.

"ரப்பரைத் திங்கற எண்ணெய்க்கு ரப்பரையே சுத்தி வெச்சிருக்கீங்களே, பந்தி பரிமாறுன மாதிரி!"

இரண்டு ஹோஸ்

செல்வத்தின் கார் புதுசு. ஏசி உண்டு, வாசம் இல்லை. இனி காளியண்ணன் அதில்தான் போவார் என்று நினைத்திருந்தேன். அடுத்த முறைக்கு ராமாயி அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். ஏன் என்று கேட்கக் கூச்சம். கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் பார்த்தேன். ஆட்டையாம்பட்டியில் நிறுத்திப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி படுத்துப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. மூன்று தடவையும் காளியண்ணன் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் எப்போதும் வண்டியோடு நின்றுவிடுவேன். அன்று அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"எங்கையில ரெண்டு ஹோசு மாட்டுவாங்க சாமி, அதுல ஓடறது எம்பட ரத்தம். செல்வம் நல்லாத்தான் ஓட்டறான், ஆனா ஒரு வாட்டிகூடக் குனிஞ்சு பாக்கலை. நீங்க வந்து, எங்கயாச்சும் ஒழுகுதான்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

பயோடீசல் போட்ட பிறகு புகையும் செலவும் குறைந்தது உண்மைதான், ஆனால் குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கூடிவிட்டன.