ஏரித் தண்ணீரில் ஊறிய லென்ஸ்

கண்ணாடியைக் கழற்றினால் அத்தைக்கு எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த ரகசியம், எளாவூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அப்பா முடிவு செய்தார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தன் தங்கையைப் புதுவாயலுக்கு அழைத்துப்போய், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்கிக் கொடுத்தார். சோடாபுட்டி என்று தட்டிக்கழித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

லென்ஸுக்கு அவள் செய்த பணிவிடையைக் கைக்குழந்தைக்குக்கூட யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் தொடுவாள். படுக்கும் முன் கழற்றி, சொல்யூஷன் விட்டு உள்ளங்கையில் தேய்த்து, டப்பாவில் ஊறப்போடுவாள். நேற்று ஊற்றியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் ஊற்றுவாள்.

"அது இன்னா தண்ணி, அத்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உப்புத் தண்ணி மாதிரிதாண்டி" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பெண் பார்க்கும் அன்று காலை அத்தை குளிக்கப் போயிருந்தாள். நான் டப்பாவைச் சும்மா திறந்து பார்த்தேன். என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டப்பா கவிழ்ந்து, லென்ஸ் இரண்டும் தரையில் கிடந்தன. சொல்யூஷன் பாட்டிலைத் தலைகீழாக உலுக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. உப்புத் தண்ணீருக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? ஏரிக்கு ஓடி டப்பாவை நிரப்பி, லென்ஸைப் போட்டு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வேலை கச்சிதமாக முடிந்த திருப்தி எனக்கு.

பட்டுப்புடவை கட்டி, கை கழுவித் துடைத்துக்கொண்டு அத்தை டப்பாவைத் திறந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அத்த, அது ஏரித் தண்ணி."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவுக்குள் உற்றுப் பார்த்தாள். லென்ஸைச் சுற்றி, மயிரிழை கனத்தில் ஓர் இறால் குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது.

சேதி கேட்டு அப்பா ஓடிவந்தார். "பைப்பு தண்ணில அலசிட்டு போட்டுக்கோம்மா. அவுங்க வந்துகினு இருக்காங்க."

"பைப்பு தண்ணியும் ஆவாதுணா. இத்த வெச்சா கண்ணே பூடும். வேற வழி இல்ல, கண்ணாடியோடதான் வருவேன்."

லென்ஸ் இரண்டும் குப்பைக்குப் போயின. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கண்ணாடியோடுதான் காபித்தட்டை எடுத்துப்போனாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்பதற்கு முன்பே தன் பவர் எவ்வளவு என்று தானாகவே சொன்னாள். கதவுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன். அத்தையின் வாழ்க்கை என்னால் பாழாகிவிட்டது என்று நிச்சயமாக நம்பினேன். ஒரு வாரம் கழித்துச் சம்மதம் என்று சேதி வந்தது. அத்தை எனக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தாள். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே முக்கால்வாசியைத் தின்று தீர்த்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் எனக்கும் லென்ஸ் வாங்கினேன். ஒரு பெட்டியில் மூன்று ஜோடி இருந்தன. உடனே அத்தைக்குப் போன் போட்டு, அவளுக்கும் இப்படித்தான் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"ஆமாண்டி" என்றாள் அத்தை. "மிச்சம் ரெண்டு ஜோடி அன்னிக்கு பீரோலதான் இருந்துச்சு."