குறட்டை நின்ற பகல்

தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கிறதாம் என் வீட்டுக்காரருக்கு. இரவு முழுக்கத் தேயிலை ஃபெக்டரியில் நின்றுவிட்டு வந்தவர், இன்று பகலில்தான் முதன்முறையாக மூச்சு மிஷினை மாட்டிக்கொண்டு படுத்தார்.

“காத்து பத்தல, மூச்சு முட்டுது” என்று முகமூடியைப் பிடுங்கினார். பதுளை டொக்டர் காட்டித்தந்த பட்டனை அமுக்கி, மிஷின் தொடக்கத்தில் விடும் காற்றைக் கொஞ்சம் கூட்டி, முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். தூங்கிவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்ட குறட்டை நின்றுபோனது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மிஷினைக் குனிந்து பார்த்தேன்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி ஓடி வந்தாள். “அக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? கொறட்டையே கேக்கலையே!”

அலறிக்கொண்டு அவரை உலுக்கினேன்.

“இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனேன், ஏன்டி எழுப்புற?” என்றார்.

இப்போது மறுபடி தூங்குகிறார். இதை ஃபோனில் ஒற்றைக் கையால் தட்டுகிறேன். மற்றக் கை அவர் நெஞ்சில் இருக்கிறது. எப்போது எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.