அடிக்கப்பட்ட மூன்றாவது வரி

அந்த விடைத்தாளின் முதல் பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தேர்வு எழுதி முடித்ததும் கையெழுத்திட வேண்டிய மூன்று வரி உறுதிமொழி: நான் பார்த்து எழுதவில்லை. யாருக்கும் காட்டவில்லை. கண்டதை மறைக்கவில்லை. மூன்றாவது வரியை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தான் என் அறைத்தோழன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் எங்கள் துறைத்தலைவருக்குக் கண்காணிப்பாளரே இல்லாமல் தேர்வு நடத்த ஆசை வந்தது. மாணவர்களை நம்பிப் பார்ப்போம் என்றார். அந்தத் திட்டத்துக்கு மாணவர் செயலாளர் அடியேன். வாய் நீளம் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. வகுப்பு வகுப்பாகப் போய் நேர்மையைப் பற்றி முழங்கினேன். அந்த மூன்று வரிகளை எழுதியதும் நான்தான். அறைத்தோழன் மட்டும், "ஏப்பா, இதுல கையெழுத்துப் போட்டா நெசமாவே அப்படி இருக்கோணுமல்லோ?" என்று கேட்டான். "இதையெல்லாம் படிச்சுப்போட்டா கையெழுத்துப் போடுவாங்க?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தியூர்ப் பக்கத்துக்காரன். பெற்றோர் இருவரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும். எனக்கோ, படிப்பு ஏறாவிட்டால் அப்பாவின் பம்ப்செட் கம்பெனியில் சுழல் நாற்காலி காத்திருந்தது.

தேர்வன்று என் காலுறைக்குள் மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டு இரண்டு. முதல் கேள்விக்கே இரண்டையும் வெளியே எடுத்தாயிற்று. வராந்தாவில் செருப்புச் சத்தம். கண்காணிப்பாளரே இல்லாத தேர்வில் யாருக்கு அப்படிப் பயந்தாய் என்று கேட்காதீர்கள். ஒரு பிட்டை அப்படியே விழுங்கினேன். வெப்பவியல் பாடம் மொத்தமும் முதன்முதலாக எனக்குள் இறங்கியது அன்றுதான். மற்றொன்று கையிலிருந்து நழுவி அறைத்தோழனின் காலடியில் விழுந்தது. வந்தவர் தண்ணீர்க் குடம் வைக்க வந்த அட்டெண்டர். "ஏனுங் தம்பி, இப்படி வேர்க்குது? ஃபேனைப் போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறைத்தோழன் பிட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினான்.

விடைத்தாள் வாங்க வந்த துறைத்தலைவர் கண்ணில் அவன் காலடியில் கிடந்த பிட்டு பட்டது. ஜெராக்ஸ் என்பதால் யார் எழுத்து என்று தெரியவில்லை. விடைத்தாள்களைப் புரட்டியவர் அந்த அடித்த வரியில் நின்றார்.

"அப்ப எதையோ பார்த்திருக்கே. யாரு?"

"அதைச் சொல்ல மாட்டனுங்க சார்."

"சொல்லாட்டி உன்னுதுன்னுதான் எழுதுவோம்."

"என்னுது இல்லீங்க சார். பார்த்தனுங்க. அதான் அடிச்சுப்போட்டனுங்க."

அன்று மாலையே விசாரணைக் குழு கூடியது. ஓராண்டு நீக்கம், உதவித்தொகைக்குப் பரிந்துரை இல்லை. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் பாராட்டினார். உண்மையைச் சொல்லிவிட நான்கு தடவை எழுந்தேன். நான்கு தடவையும் கால்கள் கழிப்பறைக்குத்தான் போயின. நான் விழுங்கிய பிட்டின்மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் அவனை பஸ் ஏற்றிவிட காந்திபுரம் போனேன். பெட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "நீயே சொல்லிப்போடுவேன்னு கடைசி வரைக்கும் பார்த்தனப்பா" என்றான். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்காச்சும் உங்கப்பன் கம்பெனி இருந்துது. செரி, வாரேன்." அவன் திரும்பி வரவில்லை. ஏதோ நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்த மில் என்று கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்தால் போகவேண்டியிருக்குமே.

போன மாதம் ஒரு கல்லூரியில் நேர்மை உறுதிமொழி விழா. சிறப்பு விருந்தினர் நான். பிட்டை விழுங்கிய கதையை, யாரோ ஒரு மாணவன் செய்ததாகச் சொன்னேன். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மா உறுதிமொழித் தாளை நீட்டி, "மொதக் கையெழுத்து உங்களுதுங்க சார்" என்றார். ஏறக்குறைய அதே மூன்று வரிகள். முதன்முறையாக ஒவ்வொரு வரியையும் முழுசாகப் படித்தேன். பேனாவைத் திறந்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தாகத்தான் வந்தது.

மேசையில் ஸ்கேல் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இருந்தது.