மூன்று கோப்பைக் குதிரையும் என் லாரியும்

பந்தயக் குதிரையை லாரியில் ஏற்றிப்போகிறவனுக்கு, ரோட்டில் நிற்கிற அத்தனை பேரும் புத்தி சொல்லுவார்கள். டாங்கரோ டெம்போவோ ஓட்டுகிற உங்களுக்கு இந்த எரிச்சல் புதிதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. பெங்களூரில் லாயம், சென்னையில் பந்தயம். நான் ஏற்றிப்போனது ரோஜா என்ற பெட்டைக் குதிரை. ஒரே சீசனில் மூன்று பெரிய பந்தயங்கள். மூன்றையும் ஜெயித்தால்தான் பட்டம். அதைக் குட்டியிலிருந்து வளர்த்த முனிராஜப்பா பின்னால் குதிரையோடு நின்றே வருவார்.

சரவெடி

முதல் பந்தயத்துக்குப் போகும்போது ஓசூரில் கட்சி ஊர்வலம். என் லாரியை ஒட்டியே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். ரோஜா பலகையை உதைத்த உதையில் வண்டியே ஆடியது. முனிராஜப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓடிக் கும்பிட்டேன், கத்தினேன். வெடி வைத்தவர் நிதானமாகச் சொன்னார்: "ராசா காலத்துல பீரங்கிக்கே பயப்படாத சாதிங்க அது. உன் குதிரை மட்டும் என்ன நடிக்குது?"

படம் பிடித்தார்கள்

நடிக்கிற குதிரை முதல் இரண்டு பந்தயத்தையும் ஜெயித்தது. திரும்பும்போது, ஓசூர் தொழிற்பேட்டையில் இருக்கும் தன் கம்பெனி வாசலில் நிறுத்தச் சொன்னார் குதிரையின் முதலாளி. ராத்திரியெல்லாம் நின்றுகொண்டே வந்த குதிரையைக் கொதிக்கிற தார் ரோட்டில் இறக்கி, மாலை போட்டு, ஷிப்டு முடிந்தவர்களையெல்லாம் படத்துக்கு வரிசையாக நிறுத்தினார்கள். குதிரைக்குத் தண்ணீர் வைக்கவும் விடவில்லை.

முனிராஜப்பா புதுச்சட்டை மாற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார். முதலாளி கோப்பையைத் தூக்கிக்கொண்டே அவரிடம் சொன்னார்: "கயிறு தெரிஞ்சாப் போதும்ப்பா, நீ அந்தப் பக்கமா குனிஞ்சிக்கோ."

மூன்றாவது

மூன்றாவது பந்தயத்தில் கடைசி வளைவு வரை ரோஜாதான் முன்னால். அதற்கப்புறம் தளர்ந்து நாலாவதாக வந்தது. முன்னங்கால் வீங்கி, தரையில் ஊன்றவே முடியவில்லை. முதலாளி காரிலிருந்தே இறங்காமல் போய்விட்டார். டாக்டர் கட்டுப் போட்டு, உடனே லாயத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். லாயத்து மேனேஜரோ, ஜெயித்த வேறொரு குதிரையை என் வண்டியில் ஏற்றச் சொல்லி நின்றார். முனிராஜப்பா அழுதுகொண்டே ரோஜாவைத் தாங்கித் தாங்கி நடத்தி வந்து ஏற்றினார். நான் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினேன். மேனேஜர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "தோத்ததுக்கு எதுக்குய்யா இவ்வளவு நல்ல வண்டி?"

அதற்காக என்னை வேலை தராமல் ஒரு மாசம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

பர்கூரில்

கால் ஆறி, ரோஜா குட்டி போடும் பண்ணைக்குப் போனது. நான்தான் ஏற்றிப்போனேன். வழியில் பர்கூரில் என் மச்சான் கடையில் நிறுத்தி, ரோஜாவுக்குத் தண்ணீர் காட்டினோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஓடி, ஜெயித்து, அடிபட்டு, மீண்ட கதை முழுவதையும் பெருமையாகச் சொன்னேன். மச்சான் கடைசிவரை கேட்டுவிட்டுக் கேட்டான்: "அதெல்லாஞ் செரி மாமா, பால் எத்தினி லிட்டர் கறக்கும்?"

இத்தனை வருஷத்தில் என் வண்டிப் பக்கம் வந்தவர்களில், வாயைத் திறந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதவை குதிரைகள் மட்டும்தான்.