எட்டு எல்இடி, பெட்டரி மட்டும் இல்லை

மக்களே, எங்கள் வீட்டில் ஒரு குட்டி சிப் சொல்கிறபடி எட்டு லைட் மாறி மாறி மின்னப் போகிறது!

எல்லாம் இணையத்தில் பார்த்துக் கற்றதுதான். இன்று மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் கடைக்குப் போய் சிப், எல்இடி, வயர், பெட்டரி கேட்டேன்.

கடைக்கார நானா சிரித்தார். "தங்கச்சி, இதெல்லாம் ஒரே பையிலயா? செக்பொயின்ட்ல ஆமிக்காரங்க குண்டுன்னு நெனச்சா என்னான்னு சொல்லுவீங்க?"

"லைட் மின்ன வைக்கிறதுன்னு."

"எங்க, சிங்களத்துல சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன்.

"கேக்கிற எனக்கே பயமா இருக்கே! பெட்டரிய ஊர்லயே வாங்குங்க. வயரும் ரோஸ் கலர்ல எடுங்க."

பெட்டரியை விட்டுவிட்டு, ரோஸ் வயரோடு கிளம்பினேன்.

ஊருக்குத் திரும்பிய கலேவெல பஸ்ஸை வழியில் செக்பொயின்டில் நிறுத்தினார்கள். ஒரு ஆமிக்காரர் என் பையைத் திறந்து, சிப்பைப் பூச்சி மாதிரி தூக்கிப் பார்த்தார். நானாவிடம் சொன்ன அதே சிங்களத்தை ஒப்பித்தேன்.

"அப்படின்னா பத்த வச்சுக் காட்டு" என்றார் சிங்களத்தில்.

பெட்டரிதான் இல்லையே! என்னை இங்கேயே நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிடுவார்களோ?

பெட்டரி இல்லை என்றேன். கடைசியில் அவரே தன் டோர்ச்சைக் கழற்றி, இரண்டு பெட்டரியை நீட்டினார். ரோஸ் வயரை வைத்துப் பிடித்தேன். பச்சை எல்இடி பளிச்சென்று எரிந்தது.

"ஷோக்!" என்று மெச்சி, எல்இடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். போகச் சொல்லிவிட்டார்.

எல்இடியை மட்டும் திருப்பித் தரவில்லை. நானும் பையை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இப்போது ஏழுதான் இருக்கிறது. யாரிடமாவது பச்சை ஒன்று இருந்தால் கீழே சொல்லுங்கள். பெட்டரியோடு கொண்டுவருவதா, இல்லாமல் கொண்டுவருவதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.