டிவிக்கு முதுகு காட்டி உட்காருபவர்

ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் நான் சாப்பிடும் மெஸ்ஸில் அவர் எப்போதும் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு காலத்தில் கேபிள் சேனல் நடத்தியவர். வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களுக்காக, வாரம் ஒருநாள் அவர்கள் பேச்சிலேயே மாங்காய் விலையும் ஊர்ச் செய்தியும் சொன்ன சேனல் அது.

"படத்தப் பாத்து என்னங்க ஆவுது? பாக்கறவங்க மூஞ்சியப் பாத்தாதான் நிகழ்ச்சி நல்லாருக்குதா இல்லியான்னு தெரியும்" என்பார்.

அந்த நிகழ்ச்சி ஒன்றையாவது பார்க்க முடியுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கீங்க இருக்குது? ஒரே கேசட்டு. போன வாரத்து மேலயே இந்த வாரத்த எடுப்போம். என் வீட்டுக்காரிதான் வாசிப்பா. அவ போனப்புறம் தேடுறேன், அவ குரல் எங்கியுமே இல்ல."

"கடைசியா எடுத்ததாவது இருக்கணுமே?"

"இருக்குது. அன்னிக்கு அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. நான்தான் வாசிச்சேன்."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவர் வழக்கம்போல் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றார்.