தங்கபுஷ்பம் போட்ட முடிச்சு

மந்தைவெளிப் பக்கம் கூடையோடு வரும் தங்கபுஷ்பத்திடம், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. அவள் வாய் அப்படி. அந்த வாய் அடங்கிக் கிடந்தது ஒரே இடத்தில்தான். அடையாறு கடலில் சேருமிடத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு மணல்திட்டில் நின்ற மாதா கோயிலில்.

கப்பல்காரர்கள் கட்டிய பழைய கோயில் அது. கரைதட்டி உடைந்த கப்பலின் பலகைகள்தான் கூரை; அதன் பாய்மரம்தான் வாசலில் கொடிமரம். தூரக்கடல் போகிறவனுக்காக அவன் வீட்டுப் பெண் அந்த மரத்தில் கயிறு கட்டி முடிச்சுப் போடுவாள். திரும்பி வந்தவன் தன் கையாலேயே அதை அவிழ்க்க வேண்டும். பிறர் கை படக் கூடாது, இரும்பும் படக் கூடாது. அவிழ்க்காதவன் இன்னும் கரை சேராதவன். அவனை யாரும் கட்டுமரத்தில் ஏற்ற மாட்டார்கள். சாமி வேறானாலும் கடல் ஒன்றுதானே, இந்துக் குப்பத்துக்காரர்களும் இதை மீறியதில்லை.

நாற்பத்துமூன்றில், சண்டைக் காலத்தில், அவள் புருஷன் சந்தியாகு கப்பலில் வடம் இழுக்கும் கலாசியாகப் போனான். அன்றைக்கே போய் முடிச்சைப் போட்டாள். ஒரு கடுதாசி வந்தது, அதோடு சரி. சனிக்கிழமை தவறாமல் திட்டுக்குப் போவாள். ஜெபம் முழுசாக வராது அவளுக்கு. கயிற்றை இறுக்கத் தெரியும். உப்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு காலை மரத்தில் உதைத்துக்கொண்டு, இன்னும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வருவாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

நாற்பத்தாறில் சந்தியாகு வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. நங்கூர வடம் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். உயிரோடு வந்தானே என்று தங்கபுஷ்பம் ஊரைக் கூட்டி அழுதாள். அவனோ ஒரு மாதமாகியும் கோயில் பக்கம் போகாமல், மற்றவர்கள் கட்டுமரம் தள்ளுவதைக் கரையில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டுமரக்காரர் சண்முகவேல் ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னார். “முடிச்ச அவுத்துக்கினு வா சந்தியாகு. என் மரத்துல உனக்கு எடம் கீது. அவுக்காம வந்தா கூட ஒருத்தனும் ஏற மாட்டான்.”

“இந்தக் கைய வெச்சிக்கினு இன்னாத்த அவுக்கறது?” என்றான் சந்தியாகு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம். “அவுக்க முடியலன்னா ஊரே சிரிக்கும்மே. நான் வரல.”

முடிச்சு எந்த லட்சணத்தில் இருக்கிறதென்று தங்கபுஷ்பத்துக்கல்லவா தெரியும்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று குமைந்தாள். ஆனால் குமைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற பிறவியா அவள்? மறுநாள் ஏலத்தில் ஒரு மயில்மீனை எடுத்தாள். மீனை விற்றாள், ஈட்டி போல நீண்ட அதன் மூக்கை மட்டும் விற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் புருஷனை எழுப்பினாள். “யோவ், எழுந்து வாய்யா. அவுக்காட்டி போவுது. உன்ன உயிரோட அனுப்புனவள ஒருவாட்டி பாக்க வேணாம்?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தோணியில் ஏறினான். பின்னாலேயே பாதிக் குப்பமும் வந்து சேர்ந்தது.

சந்தியாகு மாதாவைக் கும்பிட்டுவிட்டு, கயிற்றில் கை வைத்தான். இரண்டு விரலும் வழுக்கின. இடது கையால் இழுத்தான், பல்லால் கடித்தான். உதட்டில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

“மாதா தப்பா நெனைக்க மாட்டா. வேற யாராச்சும் அவுத்துடட்டும்,” என்றார் கோயில் உபதேசியார்.

அவன் கையை எடுத்துவிட்டான். அந்த முகத்தைப் பார்க்கத் தங்கபுஷ்பத்தால் முடியவில்லை. கூடையிலிருந்து மயில்மீன் மூக்கை எடுத்து நீட்டினாள். நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள்.

“உபதேசியாரே, இது இரும்பா?”

அவர் புரட்டிப் பார்த்தார். “எலும்பும்மா.”

“அப்போ அவராண்ட குடு.”

சந்தியாகு அதை இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கி, முடிச்சுக்குள் குத்தி நெம்பினான். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு புரி தளர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

“இன்னாமே இது, முடிச்சா பாறையா?” என்றான் மூச்சு வாங்க.

“பயந்துக்கினு போட்டதுய்யா. அப்படித்தான் இருக்கும்,” என்றாள்.

கயிறு கழன்று அவன் காலடியில் விழுந்தது. சண்முகவேல்தான் முதலில் கை தட்டினார்.

திங்கட்கிழமை விடியலில், அதே கயிற்றால் சண்முகவேலின் கட்டுமரக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினான் சந்தியாகு. ஏழு விரலால் போட்ட கட்டு. தங்கபுஷ்பம் ஒரு காலை மரத்தில் உதைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“போய்ட்டு வாய்யா,” என்றாள், மந்தைவெளிக்கே கேட்கிற மாதிரி. “மீன் இல்லாம வந்தியோ, கீது உனக்கு!”